ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். 'நம் ஊரின் புது மண்டபங்களில் கண்ணுக்கு விருந்து, காதுக்குப் பட்டினி' என்று. அரும்பாடுபட்டு எழுதிய கூரைக் கசிவுத் தொடருக்குக்கூட இத்தனை கடிதங்கள் வந்ததில்லை. ஆகவே இம்முறை சீமெந்து, கம்பி, கறையான் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, காது சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில். கறையான்காரர்கள் பொறுத்தருள்க. கறையான் பொறுக்காது என்பது எனக்குத் தெரியும். அடுத்த இதழில் முதல் பதில் உங்களுக்குத்தான்.

புதிய வாசகர்கள் சிலர் நான் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அரச திணைக்களம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். திருகோணமலையில் பிறந்து, இங்கேயே கோடு கிழித்து, இங்கேயே கண்ணாடி போட்டுக்கொண்டவன். இடது காது கேட்காது. அந்தக் கதை கீழே வருகிறது.

உவர்மலை வாசகி: என் மகள் மொறட்டுவையில் கட்டடக்கலை படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் ஓர் அறையில் இருந்த சாமான்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, ஸ்பீக்கர் வைத்துத் தன் குரலையே திரும்பத் திரும்பப் போட்டுப் பதிவு செய்கிறாள். கேட்டால் 'ஒலி நிறுவல்' என்கிறாள். பக்கத்து வீட்டார் விசாரிக்கிறார்கள். என்ன சொல்வது?

பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொல்லுங்கள். பொய்யாகாது.

உங்கள் மகள் செய்துபார்ப்பது, 1969இல் அல்வின் லூசியர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் செய்தது. தான் ஓர் அறையில் உட்கார்ந்திருப்பதாகச் சில வாக்கியங்கள் பேசி, அதைப் பதிவு செய்தார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு, ஒலித்ததை மறுபடி பதிவு செய்தார். அதை ஒலிக்கவிட்டு மறுபடியும். முதல் சில சுற்றுகளில் பேச்சு பேச்சாகத்தான் இருக்கும். பிறகு சொற்களின் ஓரங்கள் மழுங்கும். போகப் போக என்ன பேசினார் என்றே தெரியாமல், மணியை நனைத்துப் பிழிந்தது போல நீண்ட சில சுரங்கள் மட்டும் எஞ்சும். லூசியருக்குத் திக்குவாய் உண்டு. அந்தத் திக்கலும் அதிலேயே கரைந்துபோயிற்று. எஞ்சியிருப்பது அவர் குரல் அல்ல, அந்த அறையின் குரல்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. எல்லா அறைக்கும் பிடித்தமான சுரங்கள் சில உண்டு. ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் ஓடும். ஒன்றரை மீற்றர் அகலமுள்ள குளியலறையில் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குப் போய்த் திரும்ப 3 மீற்றர். 340ஐ 3ஆல் வகுத்தால் 113. செக்கனுக்கு 113 அதிர்வு என்பது ஆண்குரல் சாதாரணமாகப் பேசும் இடம். அந்தச் சுரத்தைத் தொட்டால் சுவர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அதைத் தூக்கிக் கொடுக்கும். வாளியும் கோப்பையுமாக உள்ளே போகிற ஆண்கள் வெளியே வரும்போது பாடகர்களாக வருவது இதனால்தான். பாராட்டு சேரவேண்டியது மேசனுக்கு.

லூசியர் செய்தது அறையின் இந்த விருப்பு வெறுப்பை வெளியே கொண்டுவந்தது. ஒலி நிறுவல் என்று இன்று சொல்லப்படுவதில் எனக்குப் பிடித்த பாதி இந்த வகைதான்: கட்டடத்துக்குள் பாட்டுப் போடுவது அல்ல, கட்டடத்தை வாய் திறக்க வைப்பது. டேவிட் பேர்ன் என்ற பாடகர் 2005இல் ஸ்டொக்ஹோமில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் காலால் மிதிக்கும் தேவாலய ஓர்கன் ஒன்றை வைத்தார். அதன் கட்டைகளை அழுத்தினால் ஓர்கன் ஒலிக்காது. ஒரு கட்டைக்குத் தூணில் சுத்தியல் தட்டும். இன்னொன்றுக்குத் தண்ணீர்க் குழாய்க்குள் காற்று ஊதும். வேறொன்றுக்கு இரும்புத் தீராந்தி மோட்டரால் நடுங்கும். வருகிறவர்கள் யாரும் உட்கார்ந்து வாசிக்கலாம். இரும்பு எது, கொங்கிறீற் எது, உள்ளே பொள்ளல் எது என்று அங்கே வந்த ஒரு பிள்ளை பத்து நிமிடத்தில் காதால் கற்றுக்கொள்ளும். எனக்கு அதைக் கற்க இரண்டு வருடப் பயிற்சியும் ஒரு மேலதிகாரியின் வசவும் தேவைப்பட்டன.

மகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். சாமான்களை உள்ளே வைத்தும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். பதினைந்தாவது சுற்றிலும் மெத்தையும் அலுமாரியும் தம் வேலையைக் காட்டும்.

பாடசாலை ஆசிரியர் ஒருவர்: எங்கள் புதிய பிரதான மண்டபத்தில் அதிபர் பேசுவது நான்காவது வரிசைக்கு மேல் விளங்குவதில்லை. ஒலிபெருக்கியைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது. இன்னும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வாங்கலாமா?

வாங்காதீர்கள். புகை கட்டிய குசினியில் அடுப்பை இன்னும் ஊதுகிற வேலை அது.

1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உங்களுடையதைப் போலவே ஒரு மண்டபம் இருந்தது. ஒரு சொல் சொன்னால் அது மறைய ஐந்தரைச் செக்கன். அதற்குள் விரிவுரையாளர் அடுத்த பத்துச் சொல்லைச் சொல்லியிருப்பார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று குவிந்துவிடும். வோலஸ் சபைன் என்ற இளம் பௌதிகவியல் ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் இரவில், ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கி, ஓர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பவும் உரிய இடத்தில் இருக்கவேண்டும். பல இரவுகள் இப்படி. அதிலிருந்துதான் நாங்கள் இன்றும் பாவிக்கும் கணக்கு பிறந்தது: மண்டபத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மண்டபம் விழுங்கக்கூடிய அளவால் வகுத்தால், ஒலி மறைய எடுக்கும் செக்கன்.

அந்த 'விழுங்கும் அளவு'க்கு சபைன் வைத்த அலகு என்ன தெரியுமா? திறந்த யன்னல். ஒரு சதுர மீற்றர் திறந்த யன்னல், தன்மேல் விழுந்த ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடும், திருப்பி அனுப்பாது. எந்தச் சுவரையும் எந்தத் துணியையும் அதோடு ஒப்பிட்டார்.

உங்கள் மண்டபம் 24 மீற்றர் நீளம், 12 அகலம், 6 உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். 1728 கன மீற்றர். பூசிய சுவர், ஓடு பதித்த தரை, கொங்கிறீற் கூரை எல்லாம் சேர்த்து நூற்றுக்கு நாலு பங்குதான் விழுங்கும் என்று வைத்துக்கொண்டால், கதவு யன்னல் பூட்டிய வெறும் மண்டபத்தில் ஒலி மறைய ஏறத்தாழ 7 செக்கன். 30 சதுர மீற்றருக்கு யன்னல்களைத் திறந்தால் 4 செக்கன். 300 பிள்ளைகளும் உட்கார்ந்துவிட்டால், ஆளுக்கு 0.4 சதுர மீற்றர் என்று பிடித்தாலும், ஒன்றரைச் செக்கன். பேச்சுக்கு ஒரு செக்கன் இருந்தால் நல்லது, ஒன்றரை பிழையில்லை. காலையில் வெறும் மண்டபத்தில் ஒலிபெருக்கியைச் சோதித்துவிட்டு இது உருப்படாது என்று முடிவெடுப்பதும், குளிரூட்டிக்காக யன்னல்களுக்கு நிரந்தரமாகக் கண்ணாடி அடித்துவிடுவதும் எவ்வளவு தவறு என்று இந்தக் கணக்கிலேயே பார்க்கலாம். பழைய கட்டடங்களில் விறாந்தைப் பக்கமெல்லாம் திறந்து கிடந்தது காற்றுக்காக மட்டும் அல்ல. அல்லது காற்றுக்காக மட்டுமே இருந்து, காதுக்கும் கிடைத்தது.

செய்யக்கூடியது: பின்சுவரில் தும்புப் பலகையோ அறிவித்தல் ஒட்டும் மென்பலகையோ பெரிய பரப்பில் அடியுங்கள். கூரைக்குக் கீழும் அப்படியே. பெரிய ஸ்பீக்கர் இரண்டுக்குப் பதில் சிறியவை ஆறு, பக்கச் சுவர்களில், பிள்ளைகளுக்கு அருகே, மெல்லிய சத்தத்தில். முட்டைத் தட்டு ஒட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அது ஒலியை விழுங்குவது சொற்பம். தீயை விழுங்குவது விரைவு.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. இதே தவறை நானே செய்திருக்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு பாடசாலை மண்டபத்துக்குப் படம் வரைந்தேன். எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். அழகான மண்டபம், மேடைக்கு மேல் வளைவு கூட வைத்தேன். அங்கே நடந்த முதல் பரிசளிப்பு விழாவில் எட்டாம் வகுப்பில் கணக்குக்கு என் மகளுக்குப் பரிசு. பெயரை வாசித்தார்கள். மண்டபத்தில் ஏதோ ஒரு பெரிய 'ஓ' எழுந்து சுற்றியது. பிள்ளை எழும்பவில்லை. நானும் எழும்பச் சொல்லவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். விழா முடிந்து மேசையில் ஒரு புத்தகம் எஞ்சிக் கிடந்தபோதுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்ட ஒரே கேள்வி: "அப்பா, அந்த ஹோலை நீங்கள்தானே கீறினீர்கள்?"

பாலையூற்று வாசகர்: இரவு பத்து மணிக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கூரைமேல் யாரோ நடக்கிறார்கள். வெளியே போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

பகல் வெயிலில் நீண்ட தகரமும் மரமும் இரவில் சுருங்குகின்றன. நடப்பவர் சூரியன்.

சீனக்குடா வாசகர்: எங்கள் ஊர் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி அரசியல் மட்டும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வெறுமையாகக் கிடக்கிற ஒரு தாங்கிக்குள் நின்று கத்தினால் எப்படி இருக்கும்?

இத்தனை காலம் இந்தப் பத்தியை எழுதியதற்கு ஒரு நல்ல கேள்வி கிடைத்துவிட்டது.

அரசியலைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. இப்போது நிற்பவை 99. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய நிறுவனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த நிறுவனத்துக்கு. காதுக்கென்று ஒன்றைக்கூட யாரும் ஒதுக்கவில்லை.

இனி உங்கள் கேள்வி. அதே கடற்படை, இரண்டாம் உலகப் போரையொட்டி, ஸ்கொட்லாந்தில் இன்ச்சின்டவுன் என்ற இடத்தில் ஒரு மலையைக் குடைந்து எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டியது. 237 மீற்றர் நீளமான கொங்கிறீற் குகைகள். உள்ளே போக 46 சென்ரிமீற்றர் அகலமான குழாய்தான் வழி. ட்ரெவர் கொக்ஸ் என்ற ஒலியியல் பேராசிரியர் அந்தக் குழாய்க்குள் நுழைந்து போய், வெற்றுத் தோட்டா ஒன்றை வெடிக்கச் செய்து அளந்தார். செக்கனுக்கு 125 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலி மறைய 112 செக்கன் எடுத்தது. கிட்டத்தட்ட இரண்டு நிமிடம்! 2014இல் கின்னஸ் அதை உலக சாதனையாகப் பதிந்தது. கோயில் மணியை அங்கே ஒருமுறை அடித்தால், ஐயர் தீபாராதனையை முடித்துத் திருநீறு கொடுக்கும் வரையும் அது கேட்டுக்கொண்டிருக்கும்.

நம்முடையவை மலைக்குள் இல்லை, காட்டுக்குள் உருக்கில் நிற்கின்றன. அதற்கும் ஒரு சோடி இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ரேஞ்ச்லி என்ற சிற்றூரில், சுமார் 20 மீற்றர் உயரமான பழைய உருக்குத் தண்ணீர்த் தாங்கி ஒன்று. 1976இல் ஒலிக்கலைஞர் ஒருவர் தற்செயலாக அதற்குள் போனார். ஒலி நாற்பது செக்கன் வரை உள்ளே சுற்றுவதைக் கேட்டு விடமுடியாமல் போயிற்று. இன்று அது இசைக்கலைஞர்கள் தேடிவந்து பாடும் இடம். அங்கே பாடுகிறவர்கள் மெல்லப் பாடக் கற்றுக்கொள்கிறார்கள். சற்று முன் விட்ட சுரம் இன்னும் மேலே நிற்கும்போது அதோடு ஒத்துப்போகிற சுரத்தைத்தான் இப்போது விடவேண்டும். நம் சுருதிப்பெட்டிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வட்டச் சுவர் இன்னொரு விளையாட்டும் காட்டும். சுவரோரம் வாயை வைத்து முணுமுணுத்தால், அது சுவரைப் பிடித்துக்கொண்டே வளைந்துபோய் எதிர்ப்பக்கத்தில் நிற்பவரின் காதில் விழும். கர்நாடகத்தின் பீஜப்பூரில் கோல் கும்பாஸ் என்ற குவிமாடக் கல்லறையின் உள்மாடத்தில் சுற்றுலாக்காரர்கள் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் வேலி தாண்டாதீர்கள். அனுமதி இல்லாத இடம் என்பது ஒன்று. எண்ணெய் இருந்த மூடிய தாங்கிக்குள் மூச்சு விடுவதே ஆபத்து என்பது இரண்டு. முறையாகச் சுத்தம் செய்து, கதவு வெட்டி, 99இல் ஒன்றே ஒன்றைக் கேட்பதற்கென்று திறந்துவிடுகிற ஒரு அதிகாரி வந்தால், வாசலில் டிக்கெட் கிழிக்க நான் சம்பளமில்லாமல் வருகிறேன்.

நிலாவெளி வாசகி: கோணேசர் கோயிலுக்குப் போய்வந்தால் மனம் அமைதியாகிவிடுகிறது. அது பக்தியா, காற்றா, கட்டடமா?

பக்தியைப் பற்றிப் பேச இந்தப் பக்கத்துக்கு அதிகாரம் இல்லை. மற்ற இரண்டையும் பார்க்கலாம்.

அடுத்தமுறை போகும்போது முச்சக்கர வண்டியை வெளியே விட்டுவிட்டு, பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து நடந்து போங்கள். வாசலின் கல் வளைவுக்குள் நுழைந்ததும் உங்கள் செருப்புச் சத்தம் சட்டென்று கனக்கும். ஏழெட்டு அடிதான். வெளியே வந்ததும் அந்தக் கனம் கழன்றுவிடும். ஊரின் இரைச்சலை அந்த மதில் பின்னால் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு மரங்கள், மான்கள், சருகு. ஏற்றத்தில் கடைக்காரர்கள் பூசைத் தட்டுக்குக் கூப்பிடும் குரல். செருப்பைக் கழற்றியதும் உங்கள் நடை உங்களுக்கே கேட்காமல் போகும். இத்தனை நேரம் அது கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரியும். இராவணன் வெட்டுப் பக்கம் போனால் கடல் கீழேயிருந்து, பாறையில் ஏறி, முகத்துக்கு வருகிறது. உள்ளே போகப் போகக் கடல் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி, மணி முன்னுக்கு வருகிறது. கோட்டையைக் கட்டியவர்களும் கோயிலைக் கட்டியவர்களும் ஒருவரையொருவர் ஆலோசித்தவர்கள் அல்லர். ஒருவர் மற்றவருடையதை இடித்த வரலாறுதான் அங்கே உண்டு. ஆனாலும் காதுக்கு அது ஒரே பாதை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு சத்தத்தை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடுகிறது.

சம்பந்தர் கோணமாமலைக்கு வராமலே, இராமேசுவரத்தில் நின்று கோணேசர்மேல் தன் பதிகத்தைப் பாடினார் என்பது மரபு. கண்ணால் காணாத இடத்தைப் பாட எதை எடுத்தார் பாருங்கள்: 'நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும்' என்று தொடங்குகிறார். கழலின் ஓசை, சிலம்பின் ஓசை. அதே பாட்டின் கடைசி அடியில் 'குரைகடல்'. குரைக்கிற கடல்! வடகீழ்ப் பருவத்தில், மார்கழி இரவில், டச்சுக்குடாப் பக்கம் படுத்திருப்பவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு உரை தேவையில்லை.

உப்புவெளியில் விடுதி நடத்தும் இளைஞர்: குரோஷியாவில் கடல் அலையே வாசிக்கும் ஓர்கன் இருக்கிறதாமே. நம் கடற்கரையிலும் கட்டினால் சுற்றுலாப் பயணிகள் வரமாட்டார்களா?

ஸதார் நகரத்தில் இருப்பதைச் சொல்கிறீர்கள், தம்பி. நிகொலா பாஷிச் என்ற கட்டடக்கலைஞர் 2005இல் கட்டியது. கடலுக்குள் இறங்கும் கற்படிகள், 70 மீற்றர் நீளம், அடியில் 35 குழாய்கள். அலை குழாயின் வாய்க்குள் தண்ணீரைத் தள்ள, உள்ளிருக்கும் காற்று மேலே விசில் வழியாக வெளியேறும். போரில் அடிபட்ட கரையைக் கொங்கிறீற்றால் அவசரமாக மூடியிருந்தார்கள். அதன்மேல் வந்தது இது. இப்போது மாலையில் சனம் வந்து படியில் உட்கார்ந்திருக்கிறது, பாடகர் இல்லாத கச்சேரிக்கு.

உப்புவெளியில் வேண்டாம். அது மணற்கரை, முதல் வாடைக்காற்றிலேயே குழாயெல்லாம் மண்ணாகிவிடும். உள்துறைமுகப் பக்கம் என்றால் யோசிக்கலாம். அங்கே தண்ணீர் அடக்கமானது, கரையும் கட்டிய கரை. படகு போனால் அதன் அலை வந்து ஒரு சுரம் வாசித்துவிட்டுப் போகும். செலவை மதிப்பிட்டு எழுதட்டுமா என்று கேட்காதீர்கள், நான் ஓய்வுபெற்றவன்.

கிண்ணியா வாசகர்: எங்கள் பகுதியில் பல பள்ளிவாசல்களின் மக்ரிப் பாங்கு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கினாலும் அப்படித்தான் கேட்குமா?

ஆம். ஒரு கிலோமீற்றர் தூரத்திலிருந்து வரும் ஒலிக்கு ஏறத்தாழ 3 செக்கன் ஆகும். பக்கத்துப் பள்ளிவாசலில் இரண்டாவது வரி தொடங்கும்போது தூரத்துப் பள்ளிவாசலின் முதல் வரி அப்போதுதான் உங்கள் முற்றத்துக்கு வந்து சேரும். கண்ணை மூடிக்கொண்டால் ஊரின் வரைபடமே அதில் இருக்கிறது. இரண்டு தெரு தள்ளிக் குடிபோனால் அந்த வரிசை மாறிவிடும்.

உங்கள் பாலத்தையும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். 396 மீற்றர், ஒரு முனையில் அடித்த ஹோர்ன் மறுமுனைக்கு வர ஒரு செக்கனுக்குச் சற்று மேல். லண்டனில் 2006இல் பில் பொன்டானா என்ற கலைஞர், தேம்ஸ் நதிமேல் உள்ள மிலேனியம் நடைபாலத்தின் கம்பிகளில் அதிர்வை உணரும் கருவிகளைப் பொருத்தி, அந்த முனகலை அருகிலிருந்த கலைக்கூடத்தின் பெரிய மண்டபத்தில் ஒலிக்கவிட்டார். நடந்துபோனவர்களுக்குத் தங்கள் காலடியில் பாலம் பாடுவது தெரியாது; மண்டபத்தில் நின்றவர்களுக்குப் பாலம் தெரியாது, பாட்டு மட்டும்.

பெயர் வேண்டாம் என்ற வாசகர்: எனக்கு ஒரு காது கேட்காது. ஒலி, கட்டடம் என்று நீங்கள் எழுதுவது எங்களைப் போன்றவர்களுக்கும் பொருந்துமா?

ஆறு வயதில் கூகைக்கட்டு வந்து என் இடது காது போனது. ஆகவே சொந்த அனுபவத்திலேயே பதில் சொல்லலாம்.

ஒரு காது போனால் சத்தம் பாதியாகாது. திசைதான் போகும். ஒலி ஒரு காதை அடைந்து மறுகாதை அடைவதற்குள் உள்ள இடைவெளி, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சொற்ப இடைவெளியை வைத்துத்தான் மூளை இடமா வலமா என்று தீர்மானிக்கிறது. எனக்கு எல்லாச் சத்தமும் வலப்பக்கம். கூட்டத்தில் கூப்பிட்டால் தவறான பக்கம் திரும்புவேன். சிலர் அதைத் தலைக்கனம் என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் அறை பெரிதா சிறிதா, தரை கல்லா மரமா, உள்ளே ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் ஒற்றைக் காதுக்கும் தெரியும். முற்றாகக் கேட்காதவர்களுக்கும் வழி உண்டு: ஊதிய பலூனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேளத்துக்கு எதிரே நின்றால் விரலுக்குள் தாளம் வரும். ஈவ்லின் கிளெனி என்ற தாளக் கலைஞர், காது ஏறக்குறைய முழுவதும் கேட்காதவர், மேடையில் வெறுங்காலோடு நின்று வாசிக்கிறார்.

என் மகள் இப்போது கனடாவில். அந்தக் கணக்குப் பரிசுக்காரிதான். போன தடவை நான் போனபோது ஒட்டாவா தேசியக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். அந்தக் கட்டடத்துக்குள் ஒரு முழுச் சிற்றாலயம் இருக்கிறது. 1972இல் கன்னியர் மடம் ஒன்றை இடித்தபோது, அதன் சிற்றாலயத்தின் உட்பகுதியை மட்டும் துண்டு துண்டாகக் கழற்றி வைத்திருந்து, பின்னர் கலைக்கூடத்துக்குள் பூட்டியிருக்கிறார்கள். அதற்குள் ஜெனெட் கார்டிஃப் 2001இல் செய்த நிறுவல். இங்கிலாந்தில் நாற்பது குரலுக்கு எழுதிய பழைய தேவாலயப் பாட்டு ஒன்றை, குரலுக்கு ஒரு மைக் வைத்துப் பதிவு செய்து, நாற்பது ஸ்பீக்கரில், ஆள் உயரத் தாங்கிகளில், நீள்வட்டமாக நிறுத்தியிருக்கிறார். ஒரு ஸ்பீக்கர், ஒரு குரல்.

எல்லோரும் நடுவில் வாங்கில் இருந்து கண்ணை மூடிக் கேட்டார்கள். அவர்களுக்கு நாற்பது திசை. எனக்கு ஒன்றே திசை. ஆகவே நான் எழும்பி, வலது காதைக் கொடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கராகப் போனேன். ஒன்றில் சிறுவன், ஒன்றில் மூச்சு வாங்கும் தடித்த குரல், இன்னொன்றில் ஒருவர் தன் முறைக்காகச் சும்மா காத்திருக்கிறார். பாட்டு முடிந்து இடைவேளையில் அவர்கள் இருமுகிறார்கள், கதைக்கிறார்கள், அதையும் விட்டுவைத்திருக்கிறார் அந்த அம்மா. எனக்குப் பாட்டைவிட அந்த இருமல் பிடித்தது. மரக்கூரைக்கு அந்த இருமல் போய்வருவதைக் கேட்டபோதுதான் அது என்ன உயரம் என்று விளங்கியது.

"எல்லாருடைய பெயரும் தனித்தனியாகக் கேட்கிறது, என்ன அப்பா?" என்றாள் மகள். குரலும் என்று சொல்ல வந்தாளா, பெயரும் என்றுதான் சொன்னாளா, நான் கேட்கவில்லை.

அன்புவழிபுரம் வாசகர்: அப்பா கட்டிய பழைய ஓட்டு வீட்டை அடுத்த மாதம் இடிக்கிறோம். தம்பிமார் வெளிநாட்டில். எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட்டேன். வேறு என்ன செய்யலாம்?

ஒரு பக்கற் பலூன் வாங்குங்கள்.

வேடிக்கை இல்லை. ஒவ்வொரு அறையின் நடுவிலும் நின்று, கைத்தொலைபேசியின் பதிவை ஓடவிட்டு, ஆறேழு அடி தள்ளி ஒரு பலூனை ஊசியால் குத்தி உடையுங்கள். மின்விசிறி, குளிர்ப்பெட்டி எல்லாம் நிறுத்தியிருக்கட்டும். வெடித்தபின் பத்துச் செக்கன் மூச்சுக்கூட விடவேண்டாம். அந்த 'டப்'புக்குப் பின்னால் வருகிற வால்தான் அறை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் இப்படித்தான் பலூன் உடைத்துப் பதிவு செய்தார்கள்; பிறகு கலிபோர்னியாவில் ஒரு அரங்கில் பாடிய குழுவின் குரலோடு அதைக் கணினியில் சேர்த்தபோது, அவர்கள் அந்தக் குவிமாடத்துக்குள் நின்று பாடுவதாகக் கேட்டது. பாரிஸின் நோத்ர்-டாம் பேராலயம் 2019 ஏப்ரலில் எரிந்தபோதும், 2013இல் அதன் ஒலியை அளந்து வைத்த பதிவு ஆய்வாளர்களிடம் இருந்தது. உங்கள் பதிவை வைத்து இன்னும் பத்து வருடத்தில் யாராவது ஒரு பேரப்பிள்ளை, கனடாவில் பேசிய உங்கள் தம்பியின் குரலை அப்பாவின் விறாந்தையில் பேசவைக்கும். அதற்கான மென்பொருள் இப்போதே இருக்கிறது.

சாமான் இருக்கும்போது ஒருமுறை, எடுத்தபின் ஒருமுறை. கதவுகளைத் திறந்து, மூடி, தாழ்ப்பாள் போட்டு எல்லாவற்றையும் பதியுங்கள். மழை வந்தால் விட்டுவிடாதீர்கள். ஓட்டில் விழும் மழை புதுவீட்டின் கொங்கிறீற்றில் கேட்கப்போவதில்லை. அப்பா உட்காருகிற கதிரையை அது இருந்த இடத்திலேயே ஒருமுறை இழுங்கள்.

கிணற்றுக் கப்பி கிறீச்சிடுகிறது என்று வேறொரு பந்தியில் முறைப்பட்டிருக்கிறீர்கள். பதிவு முடியும் வரை அதற்கு எண்ணெய் போட்டுவிடாதீர்கள்.